கதவுக்காரரின் ஓவன்

"தங்கச்சி, கதவு!"

காலை ஏழே கால். பால் பாக்கெட்டை எடுக்கத் திறந்த என் வாசற்கதவை நான் வழக்கம்போல் அப்படியே விட்டுவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல் சாத்திவிட்டுப் போகிறார். மூன்று வருடமாக நடக்கிறது இந்தக் கூத்து. ஒருமுறை, காற்று வரட்டும் என்று திறந்து வைத்திருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். "காத்து வேணும்னா ஜன்னல் இருக்கே தங்கச்சி. கதவு எதுக்கு இருக்கு? சாத்தறதுக்கு" என்றார்.

அவருக்கு ஏழு மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் கதவு வேலை. திறந்த கதவைத் தானாக இழுத்து மூடுவதற்கு மேலே மடக்கிய கை மாதிரி ஓர் இரும்பு இருக்குமே, அதில் எண்ணெய் கசிகிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று மாடி மாடியாகப் பார்ப்பார். படாரென்று அடித்தால் நோயாளி திடுக்கிட்டு எழுந்துவிடுவார். பாதியில் நின்றால் நர்ஸம்மா கூப்பிட்டுத் திட்டுவார். "மூடறது தெரியக் கூடாது, மூடினது தெரியணும்" என்பது அவர் கட்சி. வங்கியோ செருப்புக் கடையோ, எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததும் திரும்பி நின்று கதவு மூடி முடிவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். இந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் கதவுக்காரர்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எந்தப் பொழுதுபோக்கு வாய்த்திருக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஓவனில் பழம் உலர்த்துகிறார். பழம் உலர வேண்டுமானால் ஓவன் கதவை மூடவே கூடாது. ஒரு விரல் அளவு சந்து விட்டு வைக்க வேண்டும். அந்த வழியாகத்தான் ஈரம் வெளியே போகும். அவர் படும் பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மரக்கரண்டி ஒன்றைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறையில் நடப்பார். "கை நமநமங்குது தங்கச்சி" என்பார்.

ஓவன் அண்ணியுடையது. அவர் மனைவியைத்தான் சொல்கிறேன். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவரின் மனைவி எனக்கு அண்ணிதானே. பேருந்தில் நடத்துநர். ஆசையாக வாங்கி இரண்டு தடவை பிஸ்கட் சுட்டார். இரண்டாவது தடவை சுட்டதை யாரும் கடிக்க முடியாமல் போனதும் ஓவன் வாணலிகளின் கிடங்காகிவிட்டது. அதைக் காலி செய்ய வைத்தது ஆஸ்பத்திரி ஆப்பிள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆப்பிள் கொண்டுவருகிறார்கள், நோயாளி உட்பட யாரும் அதைத் தின்பதில்லை. "ஆள் டிஸ்சார்ஜ் ஆயிடறாரு, ஆப்பிள் மட்டும் பெட்லயே இருக்கு" என்பார் கதவுக்காரர். நர்ஸுகள் பை பையாக அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வீணாக்க மனம் வராது. தினம் தின்னவும் முடியாது.

நறுக்குவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. எல்லா வில்லையும் ஒரே கனம். தடித்தது ஒன்று சேர்ந்தாலும் "இது ஒண்ணு நாளைக்குப் பூசணம் புடிச்சு மத்ததையும் கெடுத்துடும்" என்று எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் ஒரு முக்கு, துணியில் ஒற்றி, கம்பித்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டி, ஏழெட்டு மணி நேரம். ஒன்றைப் பிய்த்து விரலால் நசுக்குவார். ஈரம் துளிர்த்தால் மறுபடி உள்ளே. உடையக் கூடாது, வளைய வேண்டும். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குவார். பாட்டிலின் உட்புறம் வியர்த்திருந்தால் அந்தப் பழத்துக்கு இன்னொரு ஞாயிறு.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள். அண்ணி ஒரு வில்லையை வாயில் போட்டுக்கொண்டு பேருந்தேறி, இறங்கும்வரை மென்றதாகச் சொன்னார். என் பங்கு பாட்டில்கள் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. மாடிப்படியில் அவர் வருவது தெரிந்தால் நான் வாயை அசைத்துக்கொண்டிருப்பேன். பொய்தான், என்ன செய்ய?

அவருக்கென்று உண்மையாக ஒருவர் கிடைத்தது போன மாதம். அண்ணியின் தம்பி. லாரி ஓட்டுகிறார், இருபது வருடமாக ஸ்டியரிங்கைப் பிடித்த கை பாதி, சிகரெட்டைப் பிடித்த கை பாதி. மார்பில் விசில் அடிக்க ஆரம்பித்ததும் டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, இனி ஒன்றுகூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மிட்டாய், சூயிங்கம், ஏலக்காய் எல்லாம் தோற்றன. ஒருநாள் அக்காள் வீட்டுக்கு வந்தவர் பேச்சுவாக்கில் மேஜையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஆப்பிள் வில்லையை மெல்ல ஆரம்பித்திருக்கிறார். மென்றார், மென்றார், முக்கால் மணி நேரம் சிகரெட் ஞாபகமே இல்லை. "மாமா, இது சீக்கிரம் தீர மாட்டேங்குது பாருங்க, அதான் இதுல விசேஷம்" என்றாராம். தன் பழத்துக்கு இப்படியொரு பாராட்டு கிடைக்கும் என்று கதவுக்காரர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அன்றிலிருந்து வாரம் ஐந்து பாட்டில். பத்தொன்பது நாள் புகையில்லாமல் போயிற்று.

இருபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் மைத்துனர் நீண்ட சவாரி கிளம்புகிறார். போக வரப் பன்னிரண்டு நாள். "பாட்டில் இல்லாம வண்டி எடுத்தா முதல் டீக்கடையிலேயே பாக்கெட் வாங்கிடுவேன் மாமா" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கதவுக்காரர் விடிந்ததும் நான்கு தட்டு ஆப்பிளும் பேரிக்காயும் பரப்பினார். அண்ணிக்குக் காலை ஷிஃப்ட். அதனால் கதவுக்காரர் என் கதவைத் தட்டினார். திறந்திருந்த கதவைத்தான்.

"தங்கச்சி, நீ வந்து சமையலறையில உக்காரு."

"ஓவனைப் பாத்துக்கவா அண்ணா?"

"ஓவன் அதுபாட்டுக்கு இருக்கும். என்னைப் பாத்துக்க."

நான் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். தாள்கட்டோடு போய் ஓவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கூரியர்காரர் என் வீட்டு வாசலில் நின்று கத்தினார். போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர மூன்று நிமிடம் ஆகியிருக்கலாம். திரும்பி வந்தபோது கதவுக்காரர் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பக்கம் நாற்பத்திரண்டைத் தொடர்ந்தேன். காற்புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற எனக்கு, எதிரே ஒரு கரண்டி காணாமல் போனது பன்னிரண்டரை மணி வரை கண்ணில் படவில்லை.

அவர்தான் பார்த்தார். ஓவன் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கதவு, அவர் மூடுகிற மாதிரி, கச்சிதமாக மூடியிருந்தது. மரக்கரண்டியைக் கழுவித் துடைத்து அதன் கொக்கியில் மாட்டியும் வைத்திருந்தார். எப்போது செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கதவு திறந்திருக்கிறதே என்று சூட்டை வேறு கூட்டி வைத்திருந்ததால், வில்லைகள் குழந்தைக்கு ஊட்டும் பதத்துக்குக் குழைந்து கிடந்தன. வீட்டில் வேறு பழம் இல்லை.

"நான் எழுந்து போயிருக்கக் கூடாது" என்றேன்.

"நீ மூணு நிமிஷம்தான் போன. என் கை முப்பது வருஷமா இதே வேலையா இருக்கு" என்றார். பிறகு மைத்துனருக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பரவால்ல மாமாங்கறான் தங்கச்சி. அவன் பரவால்லன்னு சொல்ற ஆளே கெடையாது." அந்த முகத்தைப் பார்த்ததும் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஞாபகம் வந்து, வெட்கத்தை விட்டு ஓடிப்போய் எடுத்துவந்தேன். ஐந்து பாட்டில். எதுவும் திறக்கப்படவில்லை என்பதைக் கவனித்தார், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். என் வீட்டு ஈரத்தில் இரண்டு பூசணம் பூத்துப்போயிருந்தன, மூன்று தேறின. நான்கு நாளைக்குக் காணும்.

ஒன்றரைக்கு அண்ணி சீருடையோடு வந்தார். தட்டைப் பார்த்தார், கொக்கியில் தொங்கிய கரண்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "வெந்ததைத் திரும்ப வில்லையாக்க முடியுமா? மசிச்சுத் தடவுங்க. காஞ்சா தோல் மாதிரி உரிஞ்சு வரும், இழுத்து இழுத்து மெல்லட்டும்" என்றார். அரைமணியில் நாலு தட்டிலும் எண்ணெய்த் தாள் விரித்து, கூழை மெல்லியதாகத் தடவி உள்ளே தள்ளினோம். கரண்டியை அண்ணியே செருகினார். பிறகு கணவரின் தோளைப் பிடித்து, "நகருங்க, நகருங்க, வழியை விடுங்க, வெளிய எடம் இருக்கு" என்று சமையலறையை விட்டே இறக்கிவிட்டார். அன்று பிற்பகல் முழுவதும் அவர் எங்கள் குடியிருப்பின் மாடிக்கதவு, மீட்டர் அறைக் கதவு, குப்பைத்தொட்டி மூடி வரைக்கும் எண்ணெய் போட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலில் நின்று, "ஒட்டுதா? இன்னும் ஒட்டுதா?" என்று கேட்பார். "ஒட்டுது, போங்க" என்பார் அண்ணி.

ஆறரைக்குக் கூழ் தோலாகியிருந்தது. நல்ல தேன் நிறம். ஓரத்தைத் தூக்கினால் தாளைவிட்டுச் சரசரவென்று உரிந்து வந்தது. நான் ஒரு துண்டைக் கிழித்து மென்றேன். இந்தமுறை நிஜமாகவே மென்றேன், நன்றாகவே இருந்தது.

மைத்துனர் வந்தார். லாரி தெருமுனையில் நிற்பதாகச் சொன்னார். உட்காரவில்லை. மாமா நீட்டிய துண்டை வாங்கி வாயில் போட்டு, தலையாட்டினார். ஆனால் கதவுக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சதுரமாகப் புடைத்திருந்தது.

"போன் வந்ததும் கால் தானா கடைக்குப் போயிடுச்சு மாமா" என்றார் மைத்துனர், அக்காளைப் பார்க்காமல். "இன்னும் பிரிக்கல."

அண்ணி வாயைத் திறந்தார். கதவுக்காரர் கையமர்த்தினார். மைத்துனரின் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, மேலே சுற்றிய கண்ணாடித்தாளைக் கிழித்து, சிகரெட்டுகளை மொத்தமாக கழுவுதொட்டியில் கிடந்த பாத்திரத்தில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். உலர்ந்த கூழ்த்தோலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, சுருட்டி, பாக்கெட்டுக்குள் வைத்து உயரம் பார்த்தார். சற்று நீளம். நுனியைக் கத்தரித்து மறுபடி வைத்தார். சரியாக இருந்தது. அதே அளவுக்கு ஒவ்வொன்றாக வெட்டிச் சுருட்டி அடுக்கிக்கொண்டே போனார். பாக்கெட் நிறைந்ததும் அதை மைத்துனரின் சட்டைப்பையில் திரும்பச் செருகி, ஒரே ஒரு பட்டையை மட்டும் கையில் நிறுத்திக்கொண்டு, அவர் உதட்டோரத்தில் தன் கையாலேயே வைத்துவிட்டார்.