முதலில் வரும் சொல்லே பெயர்

போதைப்பொருளை ஒழிக்க உலக நாடுகள் கைகோத்து நிற்கின்றன என்று மேடைகளில் பேசுவார்கள். பணியில் இருந்தவரை அந்தக் கைகளில் ஒன்று என்னுடையது. வெளிநாட்டுக் காவல்துறையின் கடிதம் டெல்லி, சென்னை என்று படிப்படியாக இறங்கித் தல்லாகுளம் காவல் அலுவலகத்தில் என் மேசைக்கு வரும். பதிலும் அதே படிகளில் ஏறிப் போகும். எந்தப் படியிலும் யாரும் ஓட மாட்டார்கள்.

போன மாதம், என் மனைவிக்கு ரவிக்கை தைக்கும் செல்லூர்ப் பெண் ஒரு காகிதக் கட்டுடன் வந்தார். அவர் கணவர் கப்பலூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர். முதலாளி 'சாம்பிள்' என்று கொடுத்தனுப்பிய பெட்டியோடு வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கியவரைப் பிடித்துவிட்டார்கள். பெட்டிக்குள் போதைத்தூள். 'நான் வெறும் சம்பளக்காரன், பெட்டி முதலாளியுடையது' என்று அவர் சொன்னது உண்மையா என விசாரித்துச் சொல்லும்படி அந்த நாடு எழுதியிருந்தது. வரும் பதிலை வைத்துத்தான் ஜாமீன்.

"விசாரிக்க யாரும் வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க சார். ஆனா எங்க மாமனாரையில்ல கேட்டாங்க! அவரு செத்துப் பன்னெண்டு வருசமாச்சேன்னேன். 'அப்படியா, இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா'ன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

நமக்கு அப்பா பெயர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராகிவிடுகிறது. வெளிநாட்டார் குடும்பப் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். இங்கே அதை ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு, செத்தவரைத் தேடிப் போயிருக்கிறார்கள். 'மேற்படி நபர் காலமாகிவிட்டார். மேல் நடவடிக்கை தேவையில்லை.' நான் அறிந்து, குறித்த கெடுவுக்குள் போய்ச் சேர்ந்த பதில் இது ஒன்றுதான். செத்தவன் பெயரில் ஏமாற்றுகிறான் என்று அங்கே ஜாமீனை மறுத்துவிட்டார்கள். கப்பலூருக்கு ஒருவரும் போகவில்லை. முதலாளி ஆற அமர இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கொதித்துப்போய் அந்தப் பெண்ணோடு பழைய அலுவலகத்துக்குப் போனேன். இப்போது என் நாற்காலியில் இருப்பவர் டீ சொன்னார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? அவங்க திரும்பக் கேட்டாத்தான் நாம திருத்த முடியும்."

"ஆளே இல்லைன்னு எழுதிட்டீங்க. இல்லாத ஆளைப் பத்தி எவன்யா திரும்பக் கேப்பான்?"

"நாங்க விதிப்படிதாண்ணே செஞ்சோம்." ஒரு பழைய சுற்றறிக்கையை நீட்டினார். 'வெளிநாட்டுக் கடிதங்களில் முதலில் வரும் சொல்லையே பெயராகக் கொள்க.' கீழே என் கையெழுத்து. இங்க் மங்கக்கூட இல்லை.

"யாரு சார் இப்படி எழுதுனது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"நான்தாம்மா."

"அப்ப நீங்களே அடிச்சுட்டு எழுதுங்க."

ஓய்வுபெற்றவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அம்புட்டு விதியும் தெரியுதுல்ல சார்? எம் புருசன் உசுரோட இருக்காருன்னு எழுத ஒரு விதி இல்லையா?"

இல்லை. ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, அங்கே அவருக்காக வாதாடும் வக்கீலுக்கே நேராக எழுதினேன். தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதி, சுற்றறிக்கையின் நகலையும் சேர்த்தேன். நான் பணியில் இருந்தபோது யாராவது இப்படி முறை தாண்டி எழுதியிருந்தால், விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருப்பேன்.

வக்கீலிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அலுவலகத்திலிருந்து எனக்கு மெமோ வந்துவிட்டது.