போன் நம்பர் கட்டத்தில் ஒரு புள்ளி

ரத்த வங்கியில் எல்லோரும் அவளை ‘கம்ப்யூட்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் விவரம் பதியும் படிவத்தை மூன்று வருஷத்துக்கு முன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தவள். செய்த கையோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. போன் நம்பரைப் போடாமல் விட்டால் திரையில் ஒரு பெட்டி குதிக்கும்: “கட்டாயப் புலத்தில் வெற்று மதிப்பு ஏற்கப்படாது.” அடேயப்பா, என்ன தமிழ்! கண்காணிப்பாளர் படித்துவிட்டு, “கம்பீரமா இருக்கும்மா” என்று மெச்சினார். அந்தப் படிவத்தில் அவர் ஒரு எழுத்துகூட அடித்தது கிடையாது. அதனால்தான் பிடித்துப்போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பிரசவ வார்டு நர்ஸ் ஓடிவந்தார். மறுநாள் அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் வேண்டும். கையிருப்பில் சொட்டுகூட இல்லை. அக்கா தேடினாள். பதிவில் மூன்றே பேர். ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். இன்னொருவர் வெளியூரில். மூன்றாமவரின் போன் நம்பர் கட்டத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்கு யார் போன் போடுவது?

கவுண்டரில் பதிவு செய்கிறவர், ஆபீசுக்கே சித்தப்பா.

“என்ன சித்தப்பா இது?”

“உன் பெட்டி கத்துச்சும்மா. வெத்துங்குது, மதிப்புங்குது. என்னைத்தான் திட்டுதோன்னு நெனச்சேன். ஒரு புள்ளி வச்சேன், வாயை மூடிக்கிச்சு.”

“படிச்சுப் பாக்க மாட்டீங்களா?”

“நாப்பது பேர் வரிசையில நிக்கிறப்ப உக்காந்து அர்த்தம் தேடவா? அந்த ஆளுக்குப் போனே கிடையாது. வேலை செய்யிற வெல்டிங் பட்டறை நம்பரைச் சொன்னார். அதைப் போடலாம்னு உன் பெட்டி சொல்லுச்சா?”

அவள் மற்ற பதிவுகளையும் திறந்தாள். தேடிப் பார்த்தால், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.

முகவரியில் அந்தப் பட்டறை இருக்கும் தெருவின் பெயராவது இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெருவில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். ஏழாவது பட்டறையில் ஒருவர் முகமூடியைத் தூக்கினார்.

“நான்தாம்மா. மூணு வருஷமா ஒரு தடவைகூட கூப்பிடலையே. என் ரத்தம் ஆகாதுன்னு ஒதுக்கிட்டீங்களோன்னு நெனச்சேன்.”

அவள் புள்ளி விஷயத்தைச் சொல்லி, வண்டியில் ஏறச் சொன்னாள். அவர் வந்தார், கையை நீட்டினார். மறுநாள் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா பெட்டியை மாற்றினாள்: “போன் நம்பர் இல்லையே. அவர்கிட்ட போன் இல்லைன்னா, யாருக்குப் போட்டா அவருக்குச் சேதி போகும்? அந்த நம்பரைக் கேட்டு, யாரோடதுன்னும் எழுதுங்க.”

கண்காணிப்பாளர் முகத்தைச் சுளித்தார். “என்னம்மா இது, தெருவுல நின்னு பேசுற மாதிரி? ஆபீஸ் மரியாதை என்னாவுறது?”

“மரியாதையா எழுதினதை மூணு வருஷம் வச்சுப் பாத்தாச்சு சார். ஒரு ஆளைப் பிடிக்க ஏழு பட்டறை ஏறினேன். இன்னும் நானூத்திப் பதினொரு பேர் பாக்கி. பாதித் தெரு நீங்க எடுத்துக்கறீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையை இன்னொரு தடவை பார்த்தார்.

“இருக்கட்டும், இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு.”