வரிக்கு வரி ஏசிய கடிதம்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வந்தது. எம்.எஸ்ஸி. கணக்கு இரண்டாம் ஆண்டில் இருந்த நான் அங்கேதான் ஒரு மென்பொருளைக் கண்டேன். கணக்குப் போடுவதற்கானது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். அதை நடத்தும் வெளிநாட்டுக்காரர்கள், கோடை விடுமுறையில் ஒரு பகுதியை எழுதும் வேலையை ஒரு மாணவருக்குத் தருவோம், வரைவு அனுப்புங்கள், கருத்துச் சொல்கிறோம் என்று அறிவித்திருந்தார்கள். அதில் தொடர் பின்னங்களுக்கு, பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் கணக்குக்கு, ஒன்றுமே இல்லை. எனக்கோ தொடர் பின்னம் என்றால் உயிர். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

இரண்டு பக்கம் எழுதி ஈமெயிலில் அனுப்பினேன். லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'தங்கள் பணிவுள்ள' என்று ஆங்கிலத்தில் முடித்திருந்தேன். கணக்கு நடுவில் எங்கோ இருந்தது.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. என் வரிகளை அப்படியே எடுத்துப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கேள்வி. எண் மிகப் பெரிதானால் இது என்ன ஆகும்? இந்தப் படி எதற்கு? இதை எப்படிச் சோதிப்பாய்? பிரிண்ட் எடுத்தால் ஆறு பக்கம். தச்சநல்லூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, தாளின் பின்பக்கத்தில் இரண்டு கேள்விகளுக்கு விடை போட்டேன். இரண்டும் சரியாகத்தான் வந்தன.

வீட்டில் தாளைப் பார்த்த அப்பா, "என்னட்டி, வெள்ளக்காரன் ஏசிட்டானா?" என்றார். தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவர். அவர் அனுப்பும் கோப்பு இத்தனை குறிப்போடு திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் துறைத் தலைவரிடம் கொண்டுபோனேன். வரைவில் கல்லூரிப் பெயரை எழுதியிருந்தேன். அவரிடம் சொல்லாமல் விட்டால் அதற்குத் தனியாக ஏச்சு விழும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆறு பக்கத்தையும் புரட்டினார். கணக்கு இருந்த இடங்களில் அவர் விரல் நிற்கவே இல்லை.

"வரிக்கு வரி ஏசியிருக்கானம்மா. நம்ம காலேஜ் பேரு என்னத்துக்கு ஆகும்? பைய ஒரு மன்னிப்புக் கேட்டு எழுதிப் போட்ரு."

"ரெண்டு கேள்விக்கு விடை போட்டுட்டேன் சார்."

"எதுத்துப் பேசுத மாதிரி ஆயிரும். வேண்டாம்."

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இத்தனை குறைகளுக்கு மன்னிக்கவும், தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்கிவிட்டேன், வரைவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அன்று சாயங்காலமே ஜங்ஷனுக்குப் போய் அதை அனுப்பினேன்.

அவர் சொல்லித்தான் செய்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன். பாதிப் பொய். எனக்கும் அது ஏச்சாகத்தான் பட்டது. பதினாறு வருடப் படிப்பில் ஒருவர்கூட என் விடைக்குக் கீழே ஒரு கேள்வி எழுதியதில்லை. சரி என்றால் ஒரு டிக், தப்பு என்றால் ஒரு பெருக்கல் குறி. சிவப்பு மை கூடினால் மார்க் குறையும், அவ்வளவுதான் தெரியும். என்னைப் பெரிய ஆளாக மதித்து ஒருவன் கேள்வி கேட்டால், அது என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை வணக்கம் போட்டிருந்தார்கள். 'நீங்கள் விலகியது வருத்தம். வந்தவற்றில் உங்களுடையதுதான் எங்களுக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் அவ்வளவு கேட்டோம். மற்ற வரைவுகளுக்கு நன்றி மட்டும் எழுதினோம். நீங்கள் விலகியதால் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.'

அதையும் பிரிண்ட் எடுத்துத் துறைத் தலைவர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பாத்தியா? மன்னிப்புக் கேட்டதும் எவ்வளவு மரியாதையா எழுதுதான்!"

"ஆமா சார்" என்றேன்.