பூஜையில் வைத்த நோட்டு

சந்தையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலை ஓஸ்வால்ட் தன் கையாலேயே எழுதிப் பெண்டாட்டி பிரிஜெட்டிடம் நீட்டினார். அவள் முழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏங்க, மூணாவது இன்னா எழுதிக்கிறீங்க? ஒண்ணும் புரியல."

அவர் பார்த்தார். அவர் எழுத்துதான். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் இருந்தன. என்ன சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை.

"கடுகு," என்றார், குத்துமதிப்பாக.

"கடுகு டப்பா நெறைய இக்கிது. கண்ணு அவுஞ்சு போச்சா?" என்று சிரித்தாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் எழுந்ததிலிருந்தே தலை கனத்தது. வலப்பக்கம் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிட்டார். பேப்பரில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, வாய்க்கு வரவில்லை. பேச்சு சரி, காது சரி, எழுதச் சொன்னால் கை எழுதுகிறது. படிப்பு மட்டும் ஒரே ராத்திரியில் போய்விட்டது. வருஷம் 1957, புரட்டாசி மாதம்.

அவர் வேலை கம்பவுண்டர். பிளாக்பள்ளியில் டாக்டர் சீனிவாசராகவனின் டிஸ்பென்சரியில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறார். டாக்டர் எழுதும் சீட்டைப் படித்து மருந்து கலப்பார். படிக்கத் தெரியாத ஜனங்களுக்காகக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டித் தருவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. இப்போது அவரே அந்த ஜனங்களில் ஒருவர். கை தவறினால் ஓர் உயிர் போகும். சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று சொல்லவில்லை.

ஐந்து நாள் ஓட்டினார். மருந்துகள் இருக்கும் இடம் கைக்குப் பழக்கம். சீட்டை வாங்கிக் கவுண்டருக்குக் கீழே, டாக்டரின் கிறுக்கல் மேலேயே விரலை ஓட்டுவார். கண்ணுக்குப் பிடிபடாத எழுத்து விரல் ஓடினால் லேசாகப் பிடிபட்டது. பாதிக்கு மேல் ஊகம். "இருமலா? சளி வருதா?" என்று நோயாளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார். கம்பவுண்டர் இப்போதெல்லாம் ரொம்ப அக்கறையாக விசாரிக்கிறார் என்று நாலு பேர் பேசினார்கள். சட்டை முதுகில் நனைந்து கிடந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்?

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் பச்சைமுத்து வந்தார். அல்சூரில் கொத்து வேலை செய்பவர். பெண்டாட்டிக்கு இருமல். ஓஸ்வால்ட் மூன்றாம் தட்டில் இடமிருந்து நாலாவது பாட்டிலை எடுத்து ஊற்றிக் கலந்து, பல் வெட்டி ஒட்டி, நோட்டில் பேரும் விலாசமும் எழுதி அனுப்பினார்.

பத்து நிமிஷம் கழித்து அட்டெண்டர் வெங்கடசாமி ஈரத்துணியோடு வந்தார். "மத்தியானமே பாட்டிலெல்லாம் எறக்கித் தொடச்சு அடுக்கிட்டேன் சார். பூஜைக்குப் பளபளன்னு இக்கிதா?"

ஓஸ்வால்ட் தட்டுகளை அண்ணாந்து பார்த்தார். எதை எங்கே வைத்தார் இந்த ஆள்? விஷ மருந்துப் பாட்டிலில் கைக்குத் தெரிய வரிவரியாக மேடு இருக்கும். நாலாவது பாட்டிலில் மேடு இருந்ததா? கையைக் கேட்டால் கை சொல்லவில்லை. அலமாரிக்கு ஓடினார். நாலாவது இடம் எது என்றே இப்போது பிடிபடவில்லை. ஊற்றிய பாட்டிலை அவசரத்தில் எங்கேயோ வைத்திருந்தார்.

பச்சைமுத்து வீடு தெரியாது. விலாசம் நோட்டில் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால், டாக்டர் அதையும் மருந்துப் புத்தகத்தையும் பலகைமேல் வைத்துச் சந்தனம் இட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு முழுக்க யாரும் தொடப்படாது. நாளன்னைக்குக் காலையில வந்து எல்லாரும் படிக்கணும். நீயும்தான் ஓஸ்வால்ட், வழக்கம்போல." ஓஸ்வால்ட் சொல்வதா வேண்டாமா என்று தயங்குவதற்குள் அவர் கதவைப் பூட்டிச் சாவியோடு மல்லேஸ்வரத்துக்குக் காரில் போய்விட்டார்.

மறுநாள் முழுக்க ஓஸ்வால்ட் அல்சூர் தெருக்களில் சுற்றினார். "பச்சைமுத்து வீடு எதும்மா?" என்று குழாயடியில் கேட்டார். "எந்தப் பச்சைமுத்து? இங்க நாலு பேரு இருக்காங்க," என்றாள் ஒருத்தி. மூன்று வீடு பார்த்தார், மூன்றும் இல்லை. நாலாவது வீடு பூட்டியிருந்தது. ஏன் பூட்டியிருக்கிறது என்று பக்கத்தில் கேட்கத் தைரியம் வரவில்லை. கோயில் மணி அடித்தாலும் சாவுமணிபோல் கேட்டது.

விஜயதசமி காலை. சுண்டலோடு டாக்டர் உட்கார்ந்திருந்தார். வெங்கடசாமி எழுத்துக்கூட்டி ஒரு வரி படித்து, "பாஸா சார்?" என்று இளித்தார். அடுத்தது ஓஸ்வால்ட். டாக்டர் மருந்துப் புத்தகத்தை நீட்டினார். ஓஸ்வால்ட் அதை வாங்கவில்லை. நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"இதுல பச்சைமுத்து விலாசத்த நீங்க படிங்க சார். எனக்குப் படிக்க வரல. ஒரு வாரமா வரல."

 டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "அவனுக்கு என்ன குடுத்தே?"

"தெரியல சார்."

கார் அல்சூருக்குப் பறந்தது. பூட்டியிருந்த அதே நாலாவது வீடு. இப்போது திறந்திருந்தது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக ஓஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டார். பாட்டிலில் மூன்று பல் குறைந்திருந்தது. டாக்டர் மோந்து, நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இருமல் மருந்துதான். தப்பிச்சே. அவளும் தப்பிச்சா."

"நேத்து எங்க போயிருந்தீங்க?" என்றார் ஓஸ்வால்ட், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"மாமியார் வூட்டுக்கு சார். ஏன், மருந்துல எதுனா கோளாறா?" என்றார் பச்சைமுத்து. டாக்டர் பாட்டிலை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் டாக்டர் சொன்னார். "மூளையில ரத்தம் அடைச்சிருக்கு. பேச்சு இருக்கிற எடம் நன்னாத்தான் இருக்கு. கண்ணு பாக்கறது அங்க போய்ச் சேரற வழிதான் அடைஞ்சு போச்சு. பேச்சு தானா வரது, படிப்பு நாமளா போட்ட பாதை."

"திரும்ப வருமா சார்?"

"கொஞ்சம் வரலாம். சொல்ல முடியாது."

வேலை போகவில்லை. அன்றிலிருந்து டாக்டர் சீட்டை உரக்கப் படிப்பார், ஓஸ்வால்ட் காதால் கேட்டுக் கலப்பார், பாட்டில் வாசலைத் தாண்டுமுன் டாக்டர் ஒருமுறை பார்ப்பார். காது வழியாகப் போனது தப்பியதே இல்லை.

ஆனால் பயம் போகவில்லை. ஒரு ராத்திரியில் படிப்பு போனது என்றால் இன்னொரு ராத்திரியில் எது போகும்? தினமும் விடிந்ததும், கண்ணைத் திறக்குமுன், வாயைத் திறந்து "பிரிஜெட்" என்பார். பேர் சரியாக வந்ததா என்று கேட்டுப் பார்ப்பார். பிறகு அவள் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

"இக்கிறேன், இக்கிறேன். எழுந்திரிங்க," என்பாள் அவள் அடுப்படியிலிருந்து.

அது புரிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார்.