கையில் வைத்த திறப்பு

இரத்தினசிங்கம் தம் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் மயங்கி விழுந்தார். அதற்கு வாய்த்த இடம்தான் சரியில்லை. சிநேகிதன் ஒருவனின் கலியாணத்தில், மாப்பிள்ளைத் தோழனாகத் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, மணவறையில் நின்றபடி விழுந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஓமப்புகை நேரே முகத்துக்கு வந்தது. ஐயர் நெய்யைக் கை நிறைய ஊற்றுகிறவர். திருகோணமலை நகரத்தில் கலியாண வயதில் பெண்பிள்ளை வைத்திருந்த தகப்பன்மாரில் பாதிப்பேர் அன்று அந்த மண்டபத்தில் இருந்தார்கள்.

விழுந்ததோடு விட்டிருந்தால் அது மயக்கமாகவே இருந்திருக்கும். யாரோ ஒரு மாமி, நல்ல மனதோடுதான், "இரும்பு குடுங்கோ, கையில இரும்பு குடுங்கோ!" என்று கத்தினார். மண்டபத்துப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையை யாரோ கொண்டுவந்து அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிப் பிடித்தார்கள். வலிப்பு வந்தவனுக்குத்தான் கையில் இரும்பு கொடுப்பது. கையில் இரும்பு இருந்தபடியால் வந்தது வலிப்பு என்று ஆயிற்று. அவர் கண் விழித்து, எழும்பி, தலைப்பாகையைச் சரிசெய்து, மிச்சச் சடங்கு முடியும்வரை நின்று, பந்தியில் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

அவர் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். குடி இல்லை, வெற்றிலை இல்லை. அக்காவின் குடும்பத்தோடு இருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் படலையடி வரையும் வந்து திரும்பின. காரணத்தை யாரும் சொல்லவில்லை. "சாதகம் பொருந்தேல்லை" என்றார்கள். ஒரு வீட்டார் சாதகத்தைக் கேட்காமலே அப்படிச் சொன்னார்கள்.

எழுபத்துநாலாம் ஆண்டு தம்பிராசா மட்டும் உண்மையைச் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட். அவருடைய மகள் புஷ்பவதி அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தட்டெழுத்து வேலை. இரத்தினசிங்கம் அவளைப் பஸ் நிலையத்தில் கண்டிருக்கிறார். குடையை மடக்கியபின் அவள் அவரை நேரே பார்த்தாள். மற்றப் பெண்கள் அவர் விழுந்துவிடுவாரோ என்று பார்க்கிற மாதிரி அவள் பார்க்கவில்லை. அது அவருக்குப் போதுமாக இருந்தது.

தம்பிராசா கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு, சம்பந்தம் பேசப் போன அக்காவிடம் சொன்னார்:

"பிள்ளை, ஆள் தங்கமான ஆள். எனக்கொரு குறையுமில்லை. ஆனா விழுகிற ஆளெண்டு ஒரு கதை இருக்குதே. நாளைக்கு என்ர மகள் குசினிக்குள்ள நிக்கேக்க இவர் கிணத்தடியில விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது?"

"அது வலிப்பில்லை ஐயா. பசி."

"எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

டாக்குத்தரிடம், வலிப்பு வருத்தம் இல்லையென்று ஒரு துண்டு எழுதி வாங்கி அனுப்பினார்கள். தம்பிராசா அதை வாசித்துவிட்டு, வருத்தம் இல்லாதவன் எதற்கு டாக்குத்தரிடம் போனான் என்று கேட்டார். ஆவணிக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

களஞ்சியத்தில் பக்கத்து மேசை ஜெமீல்தான் வழி சொன்னவன். "மச்சான், ஊர் பாக்க விழுந்தாய். இனி ஊர் பாக்க விழாம நிக்கவேணும். வேற மருந்தில்லை."

அந்த வருடம் கடற்கரைப் பக்கத்து வாலிபர் கழகம் ஒன்று நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்று போட்டி வைக்க நினைத்திருந்தது. ஆனால் கிடைத்த கோப்பை ஒன்றுதான். கழகத்தார் மூன்று கூட்டம் கூடிச் சண்டை பிடித்தபின் மூன்று போட்டியையும் ஒன்றாக்கினார்கள். கடலில் மிதவை வரை நீந்தித் திரும்பவேண்டும். ஈர உடுப்போடு சைக்கிள் ஏறிச் சாம்பல்தீவுப் பாலம் வரை போய்வரவேண்டும். பிறகு கடற்கரையிலிருந்து சந்தைப் பக்கத்தால் ஓடி மைதானத்தில் முடிக்கவேண்டும். நாள், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்று அடுப்புவாய் திறந்த மாதிரி வீசுகிற மாதம் அது என்பதைக் கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை.

"நீ வெல்லவேண்டாம்," என்றான் ஜெமீல். "கடைசியா வந்தாலும் பறவாயில்லை. நிண்டபடி வந்தாக் காணும்."

பேர் கொடுத்த மற்றவர்கள் கோப்பைக்காகப் பயின்றார்கள். இரத்தினசிங்கம் விழாமல் இருக்கப் பயின்றார். விடியற்காலையில் ஓடினார், பிறகு மத்தியானத்திலும் ஓடினார். இரவில் உப்புப் போட்ட கஞ்சி குடித்தார். அவர் வெளிக்கிடும்போதெல்லாம் அக்கா அலுமாரித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வாசல்வரை வந்தார். இரத்தினசிங்கம் அதைக் கண்டும் காணாததுபோலப் போனார்.

போட்டியன்று தம்பிராசா குடையோடு வந்தார். புஷ்பவதியும் வந்தாள். மைதானத்துக் கொட்டகையில் முன்வரிசையில் இருந்தார்கள். அவர் எதைப் பார்க்க வந்திருக்கிறார் என்பது மைதானம் முழுவதற்கும் தெரிந்திருந்தது.

கடலில் இரத்தினசிங்கத்துக்கு ஒரு கரைச்சலும் இல்லை. தண்ணீருக்குள் மயங்கினால் ஒருவருக்கும் தெரியவராது என்று ஜெமீல் சொல்லியிருந்தான். அது ஆறுதலாக இருந்தது. நடுவில் ஒருவராகக் கரையேறிச் சைக்கிளில் ஏறினார். வடக்கே போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போயிற்று. பாலத்தில் திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. தார் றோட்டு இளகி ரயரில் ஒட்டியது. வாயைத் திறந்தால் மணல், மூடினால் மூச்சு இல்லை.

உப்புவெளியில் ஒரு கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, திறப்பை உயர்த்திக் காட்டியபடி றோட்டோரம் நின்றார். "பயப்பிடாதைங்கோ தம்பி! நான் வச்சிருக்கிறன்!"

அதற்கப்பால் இன்னொருவர் ஆணி இரண்டு வைத்திருந்தார். இன்னுமொருவர் மண்வெட்டியோடு நின்றார். அவர் தோட்டத்திலிருந்து நேரே வந்தவராகவும் இருக்கலாம். எல்லோரும் நல்ல மனதோடுதான் நின்றார்கள். இரத்தினசிங்கம் ஒவ்வொருவருக்கும் தலையசைத்துவிட்டுப் போனார்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியபோது கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. ஆனால் நின்றன. சந்தை வளைவு வந்தால் மைதானம் தெரியும். அவர் முதல் தடவையாக, இது முடியும் என்று நினைத்தார்.

வளைவில் அஸீம் விழுந்து கிடந்தான்.

அஸீம் மூதூருக்குச் சனத்தை ஏற்றிப் போய்வருகிற லோஞ்ச் படகில் சுக்கான் பிடிப்பவன். இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவன். வெயிலில் கண் சொருகி, றோட்டோரத்துப் புழுதியில் மல்லாந்து கிடந்தான். விரல்கள் லேசாக நடுங்கின. சனம் கூடிவிட்டது. "இரும்பு! இரும்பு!" என்று ஒரு குரல் கிளம்பியது. சந்தைக் காவல்காரர் இடுப்பிலிருந்த பெரிய திறப்பை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

இரத்தினசிங்கம் அந்தத் திறப்பைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை ஜெற்றியில் லோஞ்சுக்காகப் பிள்ளைகுட்டியோடு நிற்கும் சனத்தை நினைத்தார். வலிப்புக்காரன் சுக்கான் பிடிக்கிற லோஞ்சில் யார் ஏறுவார்கள்? லோஞ்ச் முதலாளிதான் அவனை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்?

அவர் ஓட்டத்தை நிறுத்தி, அஸீமுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, அவனுடைய இரண்டு கைகளையும் தம் கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"கையை விடுங்கோ தம்பி, திறப்பை வைக்கவேணும்," என்றார் காவல்காரர்.

"இது வெயில் அண்ணை. தண்ணி தாங்கோ."

"இரும்பு குடுக்காட்டி நிக்காது!"

"நிக்கிறதுக்கு ஒண்டும் துவங்கேல்லை. தண்ணி!"

தண்ணீர் வந்தது. இரத்தினசிங்கம் கையை விடவில்லை. வேறொருவர்தான் அஸீமின் முகத்தில் ஊற்றினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "அது ஆர் கீழ இருக்கிறது? களஞ்சியத்து இரத்தினசிங்கமோ? அப்ப அவருக்குத்தானே வருத்தம்!" என்றார். அந்தக் கருத்து சனத்துக்குச் சரியாகப் பட்டது. அவர்கள் எதிர்பார்த்திருந்ததும் அதைத்தான். காவல்காரர் மட்டும் திறப்போடு குழம்பிப்போய் நின்றார். வெளியே எடுத்த இரும்பை யார் கையிலாவது வைக்காமல் அவர் போகப்போவதில்லை.

இரத்தினசிங்கம் வலது கையை எடுத்து நீட்டினார்.

"சரி அண்ணை. அதை எனக்குத் தாங்கோ."

காவல்காரர் மன நிறைவோடு திறப்பை அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினார். அது வெயிலில் காய்ந்து சுட்டது. கழகத்துத் தொண்டன் ஒருவன் மைதானத்துக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் சந்தை முகப்பில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பேசியது:

"போட்டியாளர் இரத்தினசிங்கம் அவர்களுக்குத் திடீர் சுகவீனம். மூதூர் லோஞ்ச் அஸீம் அவர்கள் தமது ஓட்டத்தை நிறுத்தி அவருக்கு உதவிக்கொண்டிருக்கிறார். அனைவரும் அவருக்கு ஒரு கரகோஷம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கரகோஷம் வளைவு வரையும் கேட்டது. அஸீம் எழும்பி இருந்து, சுற்றிப் பார்த்தான்.

"அண்ணன்... என்ன கத இது? விழுந்தது நானெல்லவா?"

"வாயை மூடிக்கொண்டு ஓடுங்கோ. நாளைக்கு லோஞ்ச் ஓட்டவேணும்."

அஸீம் ஓடி நாலாவதாக வந்தான். நல்ல விளையாட்டு வீரன் என்று அவனுக்கு மாலை போட்டார்கள். இரத்தினசிங்கம் திறப்பைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு, பிந்தி ஓடிக் கடைசியாக வந்தார். எல்லைக் கோட்டைத் தாண்டியும் நேராக நின்றார். முன்வரிசையில் தம்பிராசா பக்கத்துக் கதிரைக்காரரிடம், "வந்து போனாப் பிறகு ஆள் இப்பிடித்தான், ஒண்டும் நடக்காத மாதிரி நிப்பினம்," என்று விளக்கிக்கொண்டிருந்தார். புஷ்பவதி மடியில் இருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஸீம் மனச்சாட்சி உள்ளவன். இரத்தினசிங்கம் வேண்டாம் என்று மறித்தும் கேளாமல், அந்தக் கிழமையே தம்பிராசா வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னான். தம்பிராசா அவனை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கடைசிவரை கேட்டார். கேட்டு முடிய அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, உங்களை மாதிரி ஒரு மனிசனை நான் காணேல்லை. சிநேகிதனுக்காக வருத்தத்தைத் தன்ர தலையில போடுறதெண்டா, அது ஆராலும் ஏலாது. நீங்கள் எங்கட ஆளா இருந்திருந்தா இண்டைக்கே என்ர மகளைத் தந்திருப்பன்."

புஷ்பவதிக்கு ஆவணியில் மட்டக்களப்பு மாப்பிள்ளை ஒருவரோடு கலியாணம் நடந்தது. இரத்தினசிங்கத்துக்கும் அழைப்பு வந்தது. போனார். வாசற்பக்கம், காற்று வருகிற இடமாகப் பார்த்து அவரை இருத்தினார்கள். இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்றிரவு அக்கா இன்னொரு சம்பந்தம் பற்றிப் பேச்செடுத்தபோது, "கொஞ்ச நாள் போகட்டும் அக்கா," என்றார். கொஞ்ச நாள் என்றது சில வருடமாயிற்று.

பிறகு வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றில் கமலாதேவி என்றொரு பெண் பேசி வந்தது. அந்தக் காலத்து றோட்டில் பஸ்ஸே அங்கே போய்ச் சேரப் பாடுபட்டது. விழுகிற கதை போய்ச் சேரவில்லை. ஆனால் இரத்தினசிங்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், பலகாரத்தைத் தொடுவதற்கு முன்னர், "நான் விழுகிற ஆளெண்டு ஊரில சொல்லுவினம். ஒருக்கா விழுந்தனான்," என்று தாமே சொன்னார். அக்கா நிலத்தைப் பார்த்தார். உள்ளே இருந்து கமலாதேவியின் குரல் கேட்டது: "ஒருக்காத்தானே?"

கலியாணம் முடிந்து இருவரும் மூதூருக்கு வந்து லோஞ்ச் ஏறினார்கள். நடுக்கடலில், பக்கத்தில் இருந்த மனிசி ஒருத்தி புதுப்பெண்ணின் காதோடு குனிந்தாள். குனிந்தாளே தவிர, இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் சொன்னாள்:

"புள்ள, ஒங்கட மாப்பிளைக்கு ஒரு வருத்தமிருக்காமே. விழுவாராம். தெரியுமா?"

லோஞ்சில் எல்லோரும் திரும்பினார்கள். இரத்தினசிங்கம் கடலைப் பார்த்தார்.

"தெரியும்," என்றாள் கமலாதேவி. "விழுந்தாப் பிடிக்கத்தானே நான் போறன்."

பிடிக்கிற தேவை அவளுக்கு ஒருநாளும் வரவில்லை. எண்பத்திரண்டாம் ஆண்டு மஞ்சள் காமாலை முற்றி அவர் இறந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியேதான். ஆனால் அன்று திருகோணமலை ஜெற்றியில் லோஞ்ச் அணைந்து, இருவரும் பலகையில் கால்வைத்து இறங்கும்போது, அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெற்றி நிறையச் சனம் நின்றது. அவர் கையை எடுக்கவில்லை.