மதினி எழுதிய ஒரு வார்த்தை

என் மதினி சுதாராணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கோவில்பட்டியில் நான் பார்த்ததில்லை. அண்ணன் செண்பகராஜைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவளுக்குப் பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், எங்கள் தெரு நாய்க்குப் பயம். எட்டயபுரம் பஸ் எது என்று கண்டக்டரிடம் கேட்கக்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். "ஏட்டி செல்வி, நீ கேளு, எனக்கு வாய் வராது" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். இப்படிப்பட்டவள் பின்னாளில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினான்கு பெண்களுக்கு மேலே உட்கார்ந்து வேலை வாங்கினாள் என்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவளை அந்த நாற்காலிக்குக் கூட்டிப்போனதே அந்தப் பயம்தான்.

தொண்ணூற்றாறில் மில்லில் ஆள் குறைத்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தவன் வந்தவன்தான். பாயில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். இரண்டு பிள்ளைகள். மதினி ஒரு வாரம் அழுதாள். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். திருநெல்வேலிக்குப் பரீட்சை எழுதப் போனபோதும் துணைக்கு நான்தான். பாஸாகிவிட்டாள். ஆனால் ஆறு மாதமாக ஒரு பாலிசி விழவில்லை. வகுப்பில் வரிச்சலுகை, சேமிப்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கரிசக்காட்டில் எவன் ஐயா வரி கட்டுகிறான்? "நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சு பேச வந்துட்டா" என்று கதவைச் சாத்தினார்கள்.

ஒருநாள் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், வெயிலில் நின்று நின்று, மனப்பாடம் செய்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. எதிரே நின்ற பெண்ணிடம் உள்ளதை உளறிவிட்டாள்: "எக்கா, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்கன போவேன்னு நெனச்சா எனக்கு ஈரக்குலையே நடுங்குது. ஒங்களுக்கு அப்படி இல்லையா?" அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். சாயங்காலத்துக்குள் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான். அதற்குப் பிறகு மதினி போய்ப் பேசி மறுத்த வீடு குறைவு. அவள் நடிக்கவில்லை, நிஜமாகவே நடுங்கினாள். அது ஜனங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் எங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு தனியார் கம்பெனி வந்தது. பெயர் எதற்கு, விடுங்கள். ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஆபீஸ். மதினியை யூனிட் மேனேஜர் ஆக்கினார்கள். கீழே பதினான்கு பெண் ஏஜெண்டுகள், அதில் நானும் ஒருத்தி. ஸ்கூட்டி வாங்கினாள். அதை ஓட்டவும் பயம்தான். மெயின் ரோட்டில் லாரி வந்தால் இறங்கி நின்று அது போன பிறகு ஏறுவாள்.

எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. அது வெளியே யாருக்கும் தெரியாது. பாலிசி போட்டு இரண்டு வருஷத்துக்குள் ஆள் செத்துப்போனால் கம்பெனி விசாரிக்கும். விண்ணப்பப் பாரத்தில் எழுதியது ஒவ்வொன்றும் நிஜமா என்று ஆள் அனுப்பித் தோண்டும். இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் அவ்வளவு தோண்ட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பாலிசிக்கும் நாங்கள் வேண்டிக்கொள்வோம்: சாமி, இந்த ஆளுக்கு ரெண்டு வருஷம் ஒண்ணும் வந்துரக்கூடாது. எங்களைப்போல ஊரார் உயிருக்கு வேண்டிக்கொண்டவர்கள் கிடையாது. காரணத்தைச் சொன்னால்தான் கேவலம்.

பாரத்தில் என்ன தப்பு என்று கேட்கிறீர்களா? 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் பக்கம் எவனைக் கேட்டாலும் "சம்சாரி" என்பான். காடு கரை வைத்து விவசாயம் பண்ணுகிறவன் என்று அர்த்தம். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கும். மழை பெய்தால் விதைப்பான். பெய்யாவிட்டால், அதுதானே வழக்கம், தீப்பெட்டி ஆபீசுக்குப் போவான். தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெட்டி ஒட்டுவது, குச்சி அடுக்குவது என்றால் பரவாயில்லை. குச்சி முனைக்குத் தீப்பற்றும் மருந்து கலக்குகிறவன் என்று எழுதினால் பாரம் சென்னைக்குப் போகும். கூடுதல் பிரீமியம் கேட்பார்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று திருப்பிவிடுவார்கள். வருஷத்தில் எட்டு மாதம் மருந்து கலக்கினாலும் கேட்டால் சம்சாரிதான். நாங்களும் 'விவசாயம்' என்று எழுதிவிடுவோம். முழுப் பொய் இல்லையே என்று எங்களுக்கு ஒரு சமாதானம். நான் மட்டும் பதினோரு பாரத்தில் அப்படி எழுதியிருந்தேன்.

மதினி எழுதியது ஒன்றே ஒன்று. கருப்பசாமி பாரம்.

இரண்டாயிரத்து நான்கு சித்திரையில் அது. நானும் கூட இருந்தேன். கருப்பசாமியின் நகக்கண்ணில் மருந்துக்கறை இருந்ததை மதினி பார்த்துவிட்டாள். "அண்ணாச்சி, மருந்து ரூமுக்கா போறீய?" என்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை. "மழ இல்லல்லா தாயி, என்ன செய்யச் சொல்லுதீய? மத்தபடி நான் சம்சாரிதான்" என்றார். அவர் மனைவி பெருமாயி மோர் கொண்டுவந்து வைத்தாள். மாதக் கடைசி. மேலே இருந்து டார்கெட் டார்கெட் என்று காலையிலிருந்து நான்கு போன். மதினி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். "எழுதுங்க மதினி, எல்லாரும் எழுதுததுதான்" என்று சொன்னது இந்த வாய்தான். 'விவசாயம்' என்று எழுதினாள்.

பதினான்கு மாதம் கழித்து, ஆனி மாத வெயிலில், மருந்து ரூமில் தீப்பிடித்தது. கருப்பசாமியை வெளியே தூக்கும்போதே உயிர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தது எட்டாம் வகுப்பு. சாவு வீட்டில் மதினி தரையில் உட்கார்ந்து பெருமாயியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை அந்த ஊரே பார்த்தது. துக்கம் பாதி, பயம் பாதி. எனக்குத் தெரியும், நான் அழுததும் அப்படித்தான்.

அந்த நேரத்தில்தான் மதினியைக் கிளைக்கே விற்பனைத் தலைவராகப் போடப்போகிறார்கள் என்ற பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மதுரையிலிருந்து மேலதிகாரி பூவனநாதன் சார் போனில் சொல்லியிருந்தார். மூன்று தாலுகாவுக்கு அவள்தான் பொறுப்பு. அண்ணன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஷேவ் பண்ண ஆரம்பித்திருந்தான்.

விசாரணைக்கு ஆள் வந்துபோனது எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் பெருமாயியைப் பார்க்கப் போனோம். அவள் எங்களை உள்ளே இழுத்து, யாராவது கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குசுகுசுவென்று சொன்னாள்:

"யக்கா, கம்பெனிலேர்ந்து ஒரு ஆளு வந்தாரு. மருந்து ரூம் வேல ஏஜெண்டு அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதான்னு தொளச்சு எடுத்துட்டாரு. நான் ஒங்கள விட்டுக்குடுப்பேனா? அவியளுக்கு ஒண்ணுந் தெரியாது, எங்க வீட்டுக்காரருதான் சொல்லாம மறச்சிட்டாருன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். கைநாட்டும் வச்சுட்டேன். ஒங்க வேலைக்கு ஒரு கொறையும் வராது. பயப்படாதீய."

அடிப் பாவி மகளே! ஆள் மறைத்திருந்தால் பணம் கிடையாது. ஏஜெண்ட் தெரிந்தே மாற்றி எழுதியிருந்தால் பிழை கம்பெனியுடையது, பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். எங்கள் கம்பெனியில் அதுதான் முறை. இது அந்தக் கைநாட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? தன் வீட்டுச் சாவுக்கு வந்து அழுதவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

நான் மதினியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். பஸ் நிற்கிற வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னேன்: "மதினி, வாயத் தொறக்காதீய. அவளே சொல்லிட்டா. நீங்க தப்பிச்சீய."

"அவ பிள்ளைக சோத்த எடுத்து எனக்கு வச்சுருக்காட்டி."

"நீங்க சொன்னா ஒங்களோட போகுமா? எல்லாரு பாரத்தையும் தோண்டுவாவ. என் பதினொண்ணும் வெளிய வரும். எனக்கும் ஒரு பிள்ள இருக்கு, தெரியும்லா?"

கத்தித்தான் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதினி கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது, அந்த வெயிலில்.

மறுநாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். போன் அடித்தால் திடுக்கிடுவாள். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். "சொன்னா வேல போயிரும், லைசென்ஸும் போயிரும். அவிய திரும்பப் பாயில படுத்துக்குவாவ, பிள்ளைக படிப்பு நின்னுரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லாட்டா?" என்பாள். அதற்கு மேல் வாக்கியம் வராது. அவள் பயத்திலேயே கிடந்து ஓய்ந்துவிடுவாள், பேசாமல் இருந்துவிடுவாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பூவனநாதன் சார் மதுரையிலிருந்து பதவி உத்தரவோடு வந்தார். மாடி ஆபீசில் சால்வை, காராசேவு, காபி. பதினான்கு பேரும் பட்டுச்சேலையில் வந்திருந்தோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சார் உத்தரவை நீட்டினார். மதினி அதை வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு முழுத்தாளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். தாள் சடசடவென்று சத்தம் போட்டது.

சார் படித்தார். முகம் மாறியது. அவளையும், நாத்தனார் என்பதால் என்னையும் மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"அந்தப் பொம்பளையே கைநாட்டு வச்சிருக்கா. கேஸ் முடிஞ்சாச்சும்மா. இந்தப் பேப்பரை நான் பார்க்கலை. கிழிச்சுப் போட்டுட்டு வாங்க, எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

"பயமா இருக்கு சார்."

"என்ன பயம்? உங்களை இனிமே யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

"அதான் சார் பயமா இருக்கு" என்றாள் மதினி.

அவர் தாளை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தபோது அண்ணன் கைதட்ட எழுந்து நின்றான்.

வேலை போனது. லைசென்ஸும் போனது. பணம் மட்டும் உடனே வரவில்லை. தன் வேலையும் போய், பெருமாயி பணமும் போய்விடுமோ என்று ஏழு மாதம் மதினி உயிரோடு செத்தாள். தை மாதம் செக் வந்தது. பெருமாயி அதை வங்கியில் போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று பார்த்தால் வாசலிலேயே நின்று ஏசினாள்: "நான் ஒங்களக் காப்பாத்துனேம்லா? என்னத்துக்குப் போயி சொன்னீய? ஒங்க பொழப்பக் கெடுத்து எம்பிள்ளைகளுக்குச் சோறா?" மதினி அவளை உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே குடித்தார்கள். மதினி இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், அதே கட்டிடத்தின் கீழே.

மாடியில் அவள் நாற்காலியில் யாரைப் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான். என் பாரங்களை யாரும் தோண்டவில்லை. மதினி தன் தாளில் மற்றவர்களைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்கும் வயிறு இருக்கிறது. உத்தரவைக் காட்டப் போனபோது மதினி சந்தோஷமாகத்தான் வாங்கிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்: "பதினொண்ணுல ரெண்டு வருசம் தாண்டாதது எத்தன, செல்வி?"

"அஞ்சு."

"மாத்தி எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கு. கூடக் கேட்டா கூடக் கட்டட்டும். ஒன்னைக் கேப்பாவ, உள்ளதச் சொல்லிரு. இன்னைக்கே போ."

அன்றைக்கே போனேன். அந்த ஐந்தில் முதல் வீடு, புதூர் தாண்டி நல்லக்கண்ணு வீடு. அவர் மனைவி, "ஆபீசுக்குல்லா போயிருக்காவ, உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தாள். மணி மூன்று. அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கேயாவது யாராவது குப்பையைக் கொளுத்தியிருப்பார்கள், ஒரு புகை எழும்பும். எழுந்து நிற்பேன். அது கலைந்ததும் உட்காருவேன். அந்தப் பெண் பாவம், ஏஜெண்டு அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தாள். ஆறரை மணிக்குத்தான் நல்லக்கண்ணு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.