"மொசைக்க எடுத்துடுங்க"

கம்பெனியில் அவளைக் காஜாக்காரி என்பார்கள். சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா அடிப்பதில் அவள் கை ஓடுகிற வேகத்துக்குக் கிடைத்த பெயர். தெருவில் வேறு மாதிரி. மலடி என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்கள், "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். புருஷனிடம் யாரும் கேட்டதில்லை. குறை அவரிடம்தான் என்று பரிசோதனை சொன்ன பிறகும், ஊசிகளைத் தாங்கியது அவள் வயிறுதான்.

அவர் மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். நல்ல மனிதர். மெஷின் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. "பொண்டாட்டி திட்டுறது காதுலயே விழாது, குடுத்து வச்சவன்" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் உருவான கருக்களில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதிலிருந்து சில செல்களைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கருவை உறைய வைத்தார்கள். முடிவு வரும் நாளில் அவள் லீவு போட்டு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழைப்பு அவருக்குப் போனது.

"சார், ரிசல்ட் வந்துடுச்சு. மொசைக். வச்சுக்கறீங்களா, எடுத்துடலாமா?" என்றாள் நர்ஸ்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதில் விழுந்தது மொசைக்கும் கடைசிக் கேள்வியும்தான். வேலை நடந்த வீட்டுக்காரம்மாதான் ஃபோனில், உள்ளறையின் வெடித்த தரையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தார்.

"எடுத்துடுங்கம்மா! இந்தக் காலத்துல யாரு மொசைக்க வச்சுக்கறா?"

மையத்தில் அந்தக் கருவை எடுத்துவிட்டார்கள்.

காத்திருந்து சலித்து அவளே மையத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. கருவில் சில செல் சரியாகவும் சில செல் பிசகாகவும் இருந்தால் அதற்குப் பெயர் மொசைக் என்று டாக்டர் விளக்கினார்.

"அதை வச்சிருந்தா நல்ல குழந்தை பிறந்திருக்குமா?"

"பிறந்திருக்கலாம். பிறக்காமலும் போயிருக்கலாம்."

"அந்த 'லாம்'ம ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சார் வேணாம்னுட்டாரேம்மா."

செல்லுக்குள் எட்டிப் பார்க்கிற அந்த அறிவியல், மனித இனம் பெருமைப்பட வேண்டிய ஒன்று. அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு, வயிறு யாருடையதோ அவளைக் கேட்க வேண்டும் என்கிற சின்ன அறிவு இல்லை.

புருஷன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமியார் பெருமூச்சு விட்டார். "கடவுள் குடுக்கல, என்ன பண்றது?"

"கடவுளுக்கு யாரும் ஃபோன் பண்ணல அத்தை. உங்க புள்ளைக்குத்தான் பண்ணாங்க."

மறுபடி முதலிலிருந்து ஊசி, மறுபடி கருமுட்டை எடுப்பு என்று பேச மையத்தில் இருவரையும் கூப்பிட்டார்கள். டாக்டர் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

"இந்தத் தடவை ரிசல்ட் வந்தா யாருக்கு ஃபோன் பண்ணுவீங்க?"

டாக்டர் அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "என்ன சார், உங்க நம்பர் அதேதானே?"